மியூசிக் வீடியோ: ஆட்டம் யாருடையது, பெயர் யாருடையது?

கேள்வி சுருக்கமாக இது: "விஸ்காம் படிக்கிறேன். செமஸ்டர் கட்டுரைக்கு 'மியூசிக் வீடியோக்களும் வெகுஜனப் பண்பாடும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்த வீடியோக்கள் மக்களின் ரசனையை உருவாக்குகின்றனவா, அல்லது ஏற்கெனவே இருப்பதைத்தான் காட்டுகின்றனவா? ரீல்ஸ் வந்தபிறகு இந்தக் கேள்விக்கே அர்த்தம் உண்டா? எந்த வீடியோக்களை எடுத்துக்கொண்டு எழுதலாம்?"

முதலில் அந்த "உருவாக்குகிறதா, காட்டுகிறதா" என்ற பிரிவைத் தள்ளி வையுங்கள். அப்படிக் கேட்டால் பத்துப் பக்கம் எழுதிவிட்டு, எல்லாரும் வந்து சேருகிற "இரண்டும்தான்" என்ற பதிலில் நீங்களும் வந்து நிற்பீர்கள். நான் கவனித்தவரை நடப்பது வேறு. எங்கோ ஒரு சின்னக் கூட்டம், பெரும்பாலும் கையில் காசில்லாத கூட்டம், தனக்கென்று ஓர் ஆட்டத்தையோ ஒப்பாரியையோ உடுப்பையோ வைத்திருக்கிறது. மியூசிக் வீடியோ அதை எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறது. அந்தக் கூட்டத்துக்கு அது பழசு, தன்னைத் திரையில் பார்ப்பது போல. மற்றவர்களுக்கு அது புத்தம் புதுசு, அதனால் பின்பற்றுகிறார்கள். ஒரே வீடியோ இரண்டு வேலையையும் செய்கிறது. இந்த இடமாற்றம் நடக்கும்போது வாசலைத் திறந்தது யார், யார் பெயர் ஒட்டிக்கொண்டது, யார் பெயர் வழியில் உதிர்ந்தது என்று பாருங்கள். உங்கள் கட்டுரைக்கான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

எம்டிவியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வாசல் என்று நான் சொல்வது அங்கே கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. 1981 ஆகஸ்ட் 1, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் அந்தச் சேனல் தொடங்கியது. முதல் பாட்டு, பகிள்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் 'வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்'. அலுவலகம் நியூயார்க்கில்தான், ஆனால் மன்ஹாட்டன் கேபிளில் சேனல் வரவில்லை. ஊழியர்கள் ஆற்றைக் கடந்து நியூஜெர்சியில் ஓர் உணவகத்துக்குப் போய்த்தான் தங்கள் சேனலின் தொடக்கத்தையே பார்த்தார்கள். சொந்தச் சரக்கு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இசைத்தட்டுக் கம்பெனிகள் விளம்பரத்துக்காக எடுத்த வீடியோக்களை இலவசமாகக் கொடுத்தன, இவர்கள் இரவும் பகலும் ஓட்டினார்கள். கம்பெனிக்குப் பாட்டு விற்றது, சேனலுக்குச் செலவில்லாமல் நிகழ்ச்சி கிடைத்தது. மியூசிக் வீடியோ என்பது பிறப்பிலேயே ஒரு விளம்பரம் என்பதை மட்டும் எழுதும்போது மறந்துவிடாதீர்கள்.

அப்போது அமெரிக்கக் குழுக்களிடம் வீடியோ அதிகம் இல்லை. பிரிட்டிஷ் குழுக்களிடம் இருந்தது. அதனால் அமெரிக்கச் சிற்றூர்களில் வளர்ந்த பிள்ளைகள் லண்டன் சிகையலங்காரத்துடன் திரிய ஆரம்பித்தார்கள். டுரான் டுரான் குழு 1982இல் இலங்கைக்கே போய்ச் சில வீடியோக்களை எடுத்தது. 'சேவ் எ பிரேயர்' பாட்டில் சிகிரியா பாறையும் பொலன்னறுவைச் சிலைகளும் வரும். யானை, பாறை, புத்தர், கடற்கரை, அவ்வளவுதான் அதில் இலங்கை. அடுத்த ஆண்டு ஜூலையில் அந்த நாட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். அந்த நாட்டை முதன்முதலாகத் திரையில் பார்த்த எத்தனையோ அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது ஒரு பாட்டின் பின்னணி.

சரி, வாசலுக்கு வருவோம். தொடக்க ஆண்டுகளில் எம்டிவியில் கறுப்பினப் பாடகர்கள் மிகக் குறைவு. 'சூப்பர் ஃப்ரீக்' என்ற பெரிய வெற்றிப் பாட்டைக் கையில் வைத்திருந்த ரிக் ஜேம்ஸின் வீடியோவை அவர்கள் போடவில்லை, அவரும் வெளிப்படையாகவே திட்டினார். சேனல் சொன்ன காரணம்: "நாங்கள் ராக் சேனல், அந்த ரகத்துக்கு உட்பட்டதைத்தான் போடுவோம்." 1983 தொடக்கத்தில் டேவிட் போவி ஒரு பேட்டியில், தன்னைப் பேட்டி எடுத்த எம்டிவி தொகுப்பாளர் மார்க் குட்மேனையே திருப்பிக் கேட்டார், ஏன் கறுப்பினக் கலைஞர்கள் இவ்வளவு குறைவு என்று. குட்மேன் நாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் நேயர்களின் ரசனையைக் காரணம் காட்டி இழுத்தார். அந்தப் பேட்டி இணையத்தில் கிடைக்கிறது, கட்டாயம் பாருங்கள். "நாங்கள் மக்கள் விரும்புவதைத்தான் காட்டுகிறோம்" என்ற வாதம் எவ்வளவு வசதியான ஒளிவிடம் என்பது அந்தச் சில நிமிடங்களில் புரிந்துவிடும்.

1983 மார்ச்சில் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' எம்டிவியில் ஓட ஆரம்பித்தது. அவரைத்தான் அங்கே வந்த முதல் கறுப்பினக் கலைஞர் என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியில்லை. பர்மிங்ஹாமைச் சேர்ந்த மியூசிக்கல் யூத் என்ற சிறுவர் குழுவின் வீடியோ அதற்கு முன்பே ஓடியது. ஜாக்சன் செய்தது வேறு: அவரைப் போடாமல் இருந்தால் சேனலுக்குத்தான் நட்டம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார். ஜாக்சனின் பாட்டுகளை வெளியிட்ட சிபிஎஸ் இசைக் கம்பெனியின் தலைவர் வால்டர் யெட்னிகாஃப், தங்கள் கலைஞர்கள் எல்லாருடைய வீடியோக்களையும் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்று மிரட்டித்தான் அது நடந்தது என்று ஒரு கதை உண்டு. எம்டிவி ஆட்கள் அதை மறுத்தார்கள். எது உண்மையாக இருந்தாலும், வாசல் ரசனையால் திறக்கவில்லை, வணிகத்தால் திறந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி 'த்ரில்லர்' வந்தது. ஏறக்குறைய 14 நிமிடம், இயக்கம் ஜான் லாண்டிஸ், செலவு அந்தக் காலத்தில் சுமார் 5 லட்சம் டாலர். செலவை ஈடுகட்ட, அது எப்படி எடுக்கப்பட்டது என்று ஓர் ஆவணப்படத்தையும் சேர்த்து எடுத்து விற்றார்கள். 2009இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்த முதல் மியூசிக் வீடியோ அதுதான். 2007இல் பிலிப்பைன்ஸின் செபு தீவில் சிறைக்கைதிகள் சுமார் 1,500 பேர் முற்றத்தில் நின்று அதே ஆட்டத்தை ஆடியது யூடியூபில் பரவியது.

அந்த ஆட்டத்தை வடிவமைத்தவர் யார் என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். மைக்கேல் பீட்டர்ஸ். 'பீட் இட்' வீடியோவிலும் அவர்தான் நடன இயக்குநர், கத்திச் சண்டையில் வெள்ளைக் கோட்டுடன் வருபவரும் அவரே. மூன்வாக்கும் அப்படித்தான். அது 'பில்லி ஜீன்' வீடியோவில் கிடையாது, 1983 மே மாதம் ஒளிபரப்பான மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு நிகழ்ச்சி மேடையில்தான் ஜாக்சன் அதை முதலில் ஆடிக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டே ஷாலமார் குழுவின் ஜெஃப்ரி டேனியல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அதை ஆடிவிட்டார். பில் பெய்லி என்ற டேப் நடனக்காரர் (காலணியால் தரையில் தாளம் தட்டி ஆடுபவர்) 1950களிலேயே படமெடுத்த ஒரு மேடை நிகழ்ச்சியில் அப்படியே பின்னோக்கி வழுக்கிக்கொண்டு போவார். தெருவில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. ஜாக்சன் திருடினார் என்று நான் சொல்லவில்லை. ஆட்டம் என்றாலே ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குப் போவதுதானே. ஆனால் கேமரா எந்த உடம்பில் நின்றதோ அந்த உடம்புக்கே ஆட்டம் சொந்தமாகிவிட்டது.

இதை விரிவாகப் பார்க்க எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த உதாரணம் மடோனாவின் 'வோக்'. 1990இல் வந்தது, இயக்கியவர் டேவிட் ஃபின்ச்சர். அப்போது அவர் முழுநீளப் படம் எதுவும் எடுத்திருக்கவில்லை. கறுப்பு வெள்ளை, பழைய ஹாலிவுட் ஒளியமைப்பு, உறைந்த சிலை போன்ற நிலைகள், முகத்தைச் சட்டமிடும் கைகள். அந்தக் கை அசைவு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி 'பால்' போட்டிகளிலிருந்து வந்தது. கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநங்கைகளும் வாடகை மண்டபங்களில் கூடி, பிரிவு பிரிவாகப் போட்டியிட்டுக் கோப்பை வாங்கும் இரவுகள் அவை. பலரைச் சொந்த வீட்டில் துரத்திவிட்டிருந்தார்கள். அதனால் 'ஹவுஸ்' என்ற பெயரில் அவர்களே குடும்பம் அமைத்துக்கொண்டார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் 'அம்மா' இருப்பார். நம் ஊர்த் திருநங்கையர் ஜமாத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமமே இருக்காது. பத்திரிகை அட்டையில் பணக்காரப் பெண்கள் நிற்கும் நிலைகளை எடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாளத்தோடு மாறுவதுதான் அந்த ஆட்டம். தங்களை உள்ளே விடாத ஓர் உலகத்தை அவர்கள் உடம்பால் நடித்துக் காட்டினார்கள். அதில் ஆசையும் இருக்கும், கிண்டலும் இருக்கும்.

மடோனா இதை ஒளித்துவைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எக்ஸ்ட்ராவகான்சா ஹவுஸைச் சேர்ந்த ஹோசே குட்டியேரெஸ், லூயிஸ் கமாச்சோ இருவரையும் அழைத்து வந்து வீடியோவில் ஆட வைத்தார், உலகச் சுற்றுப்பயணத்துக்கும் கூட்டிப் போனார். எய்ட்ஸ் பயத்தில் தன்பாலின ஈர்ப்பாளர்களை ஊரே ஒதுக்கிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது அவர்களைத் திரையின் நடுவில், அழகாக, தலைநிமிர்ந்து நிறுத்தியது சின்னக் காரியம் இல்லை. அதைப் பார்த்துத் தைரியம் பெற்றோம் என்று பின்னாளில் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பாட்டின் நடுவே மடோனா ஒரு பெயர்ப் பட்டியல் சொல்வார். கிரேட்டா கார்போ, மார்லன் பிராண்டோ என்று 16 பழைய நட்சத்திரங்கள். ஹார்லெம் ஆள் ஒருவர்கூட அதில் இல்லை. எனக்கு அந்த வீடியோவில் நெருடுவது அந்த ஓர் இடம்தான். கேமரா ஹோசேயையும் லூயிஸையும் காட்டிக்கொண்டிருக்கிறது, வாய் வேறு யாருடைய பெயரையோ சொல்கிறது.

இதே ஆட்டத்தில் ஆசான் என்று மதிக்கப்பட்டவர் வில்லி நிஞ்சா. மடோனாவுக்கு ஓராண்டு முன்பே, 1989இல் மால்கம் மெக்லாரன் என்ற பிரிட்டிஷ் இசைக்காரரின் வீடியோ ஒன்றில் ஆடியவர், பின்னர் மாடல்களுக்கு மேடையில் நடக்கச் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் 'பால்' போட்டிகளைப் பற்றிய 'பாரிஸ் இஸ் பர்னிங்' ஆவணப்படத்தில் அவரைப் பார்க்கலாம். 2006இல் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தார். மடோனாவின் சுற்றுப்பயணத்தில் ஆடிய ஏழு பேரைப் பற்றி 2016இல் 'ஸ்ட்ரைக் எ போஸ்' என்று ஒரு படம் வந்தது. மேடையில் சுதந்திரத்தைப் பற்றி ஆடியவர்களில் சிலர், தங்களுக்கு எச்ஐவி இருப்பதை ஒருவருக்கொருவர்கூடச் சொல்லாமல் மறைத்து வாழ்ந்திருக்கிறார்கள். வீடியோ ஒரு சமூகத்தைப் பிரதிபலிக்கிறது என்று சொல்லும்போது எந்தப் பாதியை என்று கேட்க இந்தப் படம் கற்றுத்தரும்.

அடுத்து, சட்டத்தில் ஆர்வம் இருந்தால் பியான்சேயின் 'சிங்கிள் லேடீஸ்', 2008. மூன்று பெண்கள், வெறும் பின்னணி, வெட்டு குறைந்த படப்பிடிப்பு. இதன் ஆட்டத்துக்கு மூலங்கள் குறைந்தது இரண்டு. ஒன்று, பாப் ஃபாஸி என்ற அமெரிக்க நடன இயக்குநர் 1969இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக அமைத்த நடனம். அதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று பியான்சேயே சொல்லியிருக்கிறார். இரண்டு, மிசிசிப்பியில் ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு நடனப் பெண்களின் பாணி. அதை அட்லாண்டா பக்கத்துக் கறுப்பினத் தன்பாலின ஈர்ப்பு ஆண்கள் கிளப்புகளில் ஆடி வளர்த்தார்கள், அங்கிருந்து வீடியோவுக்கு வந்தது. நடன இயக்குநர்களில் ஒருவரான ஜாக்குவல் நைட் 2020இல் அந்த ஆட்டத்தை அமெரிக்கக் காப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தில் பதிவு செய்தார். பாப் உலகில் அது அபூர்வமான காரியம், பெரிய செய்தியானது. ஒரு நடன இயக்குநர் தன் உழைப்புக்கு உரிமை வாங்கினால் நான் கைதட்டுவேன். ஆனால் அந்த உழைப்புக்குள் இருக்கும் மிசிசிப்பி பெண்களுக்குப் பதிவேட்டில் எந்த இடம்?

சட்டம் இங்கே இப்படித்தான் வேலை செய்கிறது: முழு நடனத்துக்குப் பாதுகாப்பு உண்டு, ஒரு சின்ன ஸ்டெப்புக்குக் கிடையாது. 1990களின் அமெரிக்கத் தொடர் ஒன்றில் நடிகர் அல்ஃபோன்சோ ரிபேரோ ஆடிய பிரபலமான ஆட்டத்தை ஃபோர்ட்நைட் வீடியோ கேம் எடுத்துக்கொண்டதும் அவர் வழக்குப் போட்டார். 2019இல் காப்புரிமை அலுவலகம், அது வெறும் எளிய அசைவுத் தொடர் என்று சொல்லிப் பதிவை மறுத்துவிட்டது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திலும் நடன அமைப்பு நாடகப் படைப்பு என்ற வகைக்குள் வருகிறது, ஆனால் எழுத்திலோ வேறு வகையிலோ பதிந்து வைத்திருக்க வேண்டும். சினிமாப் படம் அந்த வகையில் சேராது. பண்பாட்டில் பரவுவது சின்ன ஸ்டெப்தான், கல்யாண வீட்டில் ஆடுவது அதைத்தான். சட்டம் காப்பாற்றாததும் அதைத்தான்.

'நாட்டு நாட்டு' பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தபோது விருது இசைக்கும் வரிக்கும் போனது, கீரவாணியும் சந்திரபோசும் வாங்கினார்கள். உலகம் பைத்தியமானது பிரேம் ரக்ஷித் அமைத்த ஆட்டத்தைப் பார்த்து. அதற்கு ஆஸ்கரில் பிரிவே இல்லை. 2023 விழா மேடையில் அந்தப் பாட்டுக்கு ஆடிய குழுவில் தெற்காசியர்களைத் தேட வேண்டியிருந்தது என்று சர்ச்சை எழுந்தது.

'கங்னம் ஸ்டைல்' பற்றி எல்லாரும் எழுதுவார்கள், நீங்கள் விட்டுவிடலாம். ஒன்று மட்டும்: தென்கொரியத் தலைநகர் சியோலில் பணக்காரர்கள் வாழும் பகுதியையும், அந்தப் பகுதிக்காரர் மாதிரி பாவனை செய்கிறவர்களையும் கிண்டல் செய்த பாட்டு அது. 2012இல் கொரியாவைத் தாண்டியதும் கிண்டல் காற்றில் போய்விட்டது, குதிரை ஆட்டம் மட்டும் மிஞ்சியது. அதன் பார்வை எண்ணிக்கை யூடியூப் கவுண்டர் தாங்கக்கூடிய 214,74,83,647 என்ற எல்லையைத் தாண்டப்போகிறது என்று 2014இல் அந்தக் கவுண்டரையே மாற்ற வேண்டியதாயிற்று. உள்ளடக்கம் தொலைந்தாலும் வீடியோ எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

தமிழுக்கு வருவோம். நமக்கு மியூசிக் வீடியோ என்பது வெகுகாலம் சினிமாப் பாட்டுதான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடிய காலத்தில், பாட்டைக் கதையிலிருந்து பிய்த்துத் தனியாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. தூர்தர்ஷன்காரர்கள் அமெரிக்காவைப் பார்த்துச் செய்யவில்லை, நம் படங்களே அப்படிப் பிய்த்தெடுக்க வசதியாக இருந்தன. பிரபுதேவா வந்தபிறகு ஆட்டத்துக்காகவே பாட்டைப் பார்க்கும் கூட்டம் உருவானது. ஜாக்சனின் தாக்கத்தை அவர் மறைக்கவும் இல்லை, அப்படியே நகலெடுக்கவும் இல்லை. குத்தும் அதில் கலந்திருந்தது.

2011 நவம்பரில் வந்த 'ஒய் திஸ் கொலவெறி டி' உலகப் புகழ் பெற்றது என்பது எல்லாருக்கும் தெரியும். அது மாற்றியது ரசனையையா என்பது எனக்குச் சந்தேகம். தமிழும் ஆங்கிலமும் குழைத்துப் பேசுவதைத் தனுஷா சொல்லிக்கொடுத்தார்? கல்லூரி வாசலில் அது ஏற்கெனவே இருந்தது. அந்த வீடியோ உண்மையில் மாற்றியது வியாபார முறையை. ஒலிப்பதிவுக் கூடத்தில் காதில் ஹெட்போனுடன் பாடுவதைக் காட்டினாலே போதும், படம் வருவதற்கு மாதங்களுக்கு முன்பே பாட்டு ஓடிவிடும் என்று தெரிந்தது. இன்று ஒவ்வொரு படத்துக்கும் முதலில் ஒரு 'சிங்கிள்', ஒரு லிரிக் வீடியோ, நடுநடுவே இசையமைப்பாளர் துள்ளும் காட்சி என்று வருகிறதே, அந்த வழக்கம் வேரூன்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பாடகர், இசையமைப்பாளர் முகங்கள் நட்சத்திர முகங்களானதும் இப்படித்தான்.

நீங்கள் ஆழமாக எடுத்துக்கொள்ள வேண்டியது 'என்ஜாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வெளிவந்தது. தீ, அறிவு இருவரும் பாடியது, தயாரிப்பு சந்தோஷ் நாராயணன், வெளியீடு மாஜா நிறுவனம், வீடியோ இயக்கம் அமித் கிருஷ்ணன். சினிமாவுக்கு வெளியே தமிழில் வந்த ஒரு பாட்டு இந்த அளவுக்கு வீடு வீடாகப் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாட்டின் வேர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தலைமுறை. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். மரம் நட்டவள், தோட்டம் வளர்த்தவள், கடைசியில் தொண்டை காய்ந்து நிற்கிறாள் என்று பாட்டு சொல்வது இந்த வரலாற்றை. வீடியோவில் வள்ளியம்மாளே வந்து அமர்ந்திருப்பார்.

ஒப்பாரியும் பறையும் சாவு வீட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டவை. அவற்றை வாசிக்கிறவர்களையும் பாடுகிறவர்களையும் ஊர் எங்கே நிறுத்தி வைத்திருந்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைச் சென்னை மேடையில் ஏற்றியபோது கானாவும் பறையும் ராப்பும் ஒன்றாக ஒலித்தன. அறிவு அந்தக் குழுவில் வந்தவர். அந்த மேடைக்குக் கூட்டம் வந்தது, ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் போகவில்லை. 'என்ஜாய் எஞ்சாமி' எல்லா வீட்டுக்கும் போனது. பிறந்தநாள் விழாக்களில் குழந்தைகள் ஆடினார்கள். எத்தனை வீடுகளில் அது நிலமில்லாத கூலியின் பாட்டு என்று தெரிந்து ஆடினார்கள்? குறை சொல்லவில்லை, துள்ளல் அப்படி. ஆனால் பரவியது எது, உதிர்ந்தது எது என்று நீங்கள் கணக்கெடுக்கும்போது இந்தக் கேள்வி வேண்டும்.

அப்புறம் பெயர்த் தகராறு. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், 'நீயே ஒளி' பாடிய ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டிலும் அறிவின் எழுத்து உண்டு, அறிவு அட்டையில் இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார், சண்டை பெரிதானது, பிறகு அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டையும் வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இதே பாட்டைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள், அங்கேயும் அறிவு இல்லை. மெட்டும் வரியும் தன் உழைப்பு என்று அவர் எழுதினார். அது கூட்டு முயற்சி, யாருடைய பங்கையும் தான் மறைத்ததில்லை என்று சந்தோஷ் நாராயணன் விரிவாகப் பதில் சொன்னார். தீயும் தன் பக்கத்தைச் சொன்னார். 2024இல் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ வெளியிட்டு, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்றார்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் அந்த அறையில் இருக்கவில்லை. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: ஒருவருடைய பாட்டியின் வாழ்க்கை பாட்டானால், அதை "நாட்டுப்புறப் பாடல்" என்ற பொதுப்பெட்டியில் போட்டுவிடுவது மிகச் சுலபம். நாட்டுப்புறம் என்றாலே யாரும் எழுதியதில்லை என்று நாம் பழகிவிட்டோம். கானாவிலும் இதே கதைதான். சினிமாவுக்குப் போன எத்தனையோ மெட்டுகளுக்குக் கல்லறை ஓரத்தில் பாடிய யாரோ சொந்தக்காரர், ஆனால் டைட்டில் கார்டில் இன்னொருவர் பெயர்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015இல் சோஃபியா அஷ்ரஃப், நிக்கி மினாஜின் 'அனகோண்டா' மெட்டில் 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ராப் வீடியோவைப் பாடினார், இயக்கம் ரதீந்திரன் பிரசாத். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவும், அங்கே வேலை பார்த்தவர்களின் உடல்நிலையும்தான் பொருள். நிக்கி மினாஜே அதைப் பகிர்ந்தார். 2016 மார்ச்சில், அந்தத் தொழிற்சாலையை நடத்திய யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது. வீடியோதான் அதைச் சாதித்தது என்று எழுதினால் தவறு. தொழிற்சாலை மூடப்பட்ட 2001இலிருந்து தொழிலாளர்கள் விடாமல் போராடிக்கொண்டிருந்தார்கள். வீடியோ கடைசி நேரத்தில் வெளிச்சம் அடித்தது. இந்த முறை ஏதுமில்லாதவர்கள், எல்லாம் இருப்பவர்களிடமிருந்து மெட்டை எடுத்தார்கள், அதனால் யாரும் "சொந்தக்காரர் யார்" என்று கேட்கவில்லை.

ரீல்ஸ் பற்றிக் கேட்டீர்கள். எம்டிவி என்ற வாசல் போய், ஆளுக்கொரு வாசல் வந்துவிட்டதால் பெயர் உதிர்வது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, வேகம்தான் கூடியது. 2019இல் அட்லாண்டா அருகே 14 வயது ஜலையா ஹார்மன் 'ரெனிகேட்' என்ற ஆட்டத்தை அமைத்து இணையத்தில் போட்டார். டிக்டாக்கில் வேறு பிரபலங்கள் ஆடி உலகெங்கும் பரவியது, அவர் பெயர் எங்கும் இல்லை. 2020 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதே மாதம் என்பிஏ கூடைப்பந்து ஆல்ஸ்டார் நிகழ்ச்சியில் அவரை அழைத்து ஆட வைத்தார்கள். இந்தியாவில் அந்த ஆண்டு ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, கிராமத்துப் பிள்ளைகள் போட்ட எத்தனையோ ஆட்டங்கள் எங்கிருந்து வந்தன என்ற தடயமும் சேர்ந்து போய்விட்டது.

எதை எடுக்கலாம் என்றால், 'வோக்'கும் 'என்ஜாய் எஞ்சாமி'யும் போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: வீடியோவுக்கு முன் அந்த ஆட்டமோ ஒலியோ எங்கே இருந்தது, வீடியோ அதில் எதைச் சேர்த்தது, வெளியான பிறகு பணமும் பெயரும் யாரிடம் போயின. யூடியூபில் வீடியோவுக்குக் கீழே இருக்கும் விவரக்குறிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். நடன இயக்குநர் பெயர் எந்த இடத்தில் வருகிறது, உடன் ஆடியவர்கள் பெயர் வருகிறதா, லேபிள், அதாவது வெளியிட்ட கம்பெனியின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். 'சிங்கிள் லேடீஸ்' மூன்றாவதாக வேண்டுமானால் சேர்க்கலாம், ஆனால் அதற்குச் சட்டப் பிரிவுகளைப் படிக்க வேண்டியிருக்கும், செமஸ்டருக்குள் முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.